வயிறு தட்டாத வண்டி

ஆகஸ்ட் 3, வியாழன்

இன்று காலை என் மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் கொப்பரைக் களத்துக்கு முன்னால் இருக்கிற வேகத்தடையில் வயிறு தட்டி நின்றுவிட்டது. முன் சக்கரம் அந்தப் பக்கம், பின் சக்கரம் இந்தப் பக்கம், நடுவில் தொண்ணூற்றிரண்டு லட்ச ரூபாய் மேட்டின் மேல் படுத்துக் கிடந்தது.

எப்போதும் இப்படி ஆவதில்லை. கிளம்பும்போதும் வரும்போதும் ஹாரன் அடிப்பேன். தேங்காய் உடைக்கிற கொட்டகையிலிருந்து நாலு பொம்பளைகள், தேங்காய் மஞ்சி நார் அடைத்த சாக்குகளைத் தூக்கி வந்து மேட்டுக்கு முன்னும் பின்னும் போடுவார்கள். வண்டி சாக்கில் ஏறிச் சாக்கில் இறங்கும். பிறகு அவர்கள் சாக்கை எடுத்துக்கொண்டு போய் மறுபடி சிரட்டையிலிருந்து தேங்காய் தோண்ட உட்காருவார்கள். இன்று வெள்ளகோவில் பார்ட்டி அவசரமாகக் கூப்பிட்டதால் ஹாரன் அடித்துவிட்டுக் காத்திருக்காமல் ஏற்றிவிட்டேன்.

பத்துப் பேர் சேர்ந்து தள்ளினார்கள். மாரக்காள்தான் முன்னால் நின்று ஏலேலோ போட்டாள். இருபத்திரண்டு வருஷமாக என் களத்தில் இருக்கிறாள். வாய் மட்டும் அடங்காது.

"ஏனுங் மொதலாளி, பல்லக்கு வாங்கியிருந்தாக்கூட நாலு பேரு தோள் கொடுத்தாப் போதும். இதுக்கு ஒரு களத்தையே வேலைக்கு வெக்கறீங்களே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் உறைத்தது என்று தெரிந்துபோகும்.

அந்த மேடு சர்க்கார் போட்டதில்லை. ரோட்டுக்கு இந்தப் பக்கம் உடைக்கிற கொட்டகை, அந்தப் பக்கம் காய வைக்கிற களம். இரண்டும் என்னுடையது. தேங்காய்ப் பருப்புக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பொம்பளைகள் நாளெல்லாம் ரோட்டைத் தாண்ட வேண்டும். வண்டிகள் வேகமாக வருகின்றன, ஏதாவது செய்யுங்கள் என்று நாலு வருஷம் முன்னால் என்னிடம் கேட்டார்கள். பார்க்கலாம் என்றேன். பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களே இடிசல் கல்லும் மிச்சத் தாரும் போட்டு மேடு கட்டிவிட்டார்கள். அளவு கிளவு ஒன்றும் கிடையாது. அப்போது என்னிடம் உயரமான ஜீப் இருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

சாயங்காலம் கோயமுத்தூர் ஷோரூமிலிருந்து ஷ்யாம் பேசினான். புது மாடல் வந்திருக்கிறதாம். ஒருமுறை வந்து பாருங்க சார் என்றான். சனிக்கிழமை வருகிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 5, சனி

ஷோரூமில் கொப்பரை வைத்தால் பூஞ்சணம் பிடிக்கிற குளிர். சிவப்பு வண்டி. பார்த்ததும் வாய் உலர்ந்துவிட்டது. அதை மறைத்துக்கொண்டு, டயரைக் காலால் தட்டி, "என்னப்பா, பெயிண்ட் மங்கலா இருக்குது" என்றேன். சரக்கு பிடித்துவிட்டால் முகத்தைச் சுளிக்க வேண்டும். நாற்பது வருஷப் பழக்கம்.

வரி எல்லாம் சேர்த்து ரோட்டில் ஏறும்போது இரண்டு கோடியே பத்து லட்சம். என் மஞ்சள் வண்டியை எடுத்துக்கொண்டு ஐம்பத்தைந்து லட்சம் கழிப்பார்கள். மூன்று வருஷத்தில் முப்பத்தேழு லட்சம் இறக்கம். வாங்கிய மறுநாளே இறங்கத் தொடங்குகிற ஒரு சரக்கைக் கடையில் எவனாவது என்னிடம் கொண்டு வந்தால் விரட்டிவிடுவேன்.

ஷ்யாம் சொன்னான்: "சார், இதுல ஒரு பட்டன் இருக்கு. அழுத்தினா வண்டியோட மூக்கு மேல எழும்பும். உங்க ஸ்பாட்ட அதுவே ஞாபகம் வெச்சுக்கும். அடுத்த தடவை அங்க வந்தா தானாவே தூக்கிக்கும்."

எங்கள் மேட்டின் போட்டோவைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பெரிதாக்கிப் பார்த்தான்.

"சார்… இது ஸ்பீட் பிரேக்கரா, காம்பவுண்டு சுவரா?"

"தாண்டுமா, தாண்டாதா?"

"மூக்கு தாண்டிடும் சார். வயிறு சொல்ல முடியாது."

வீட்டில் மனைவி சுலோச்சனாவிடம் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எத்தனை பேரு உக்காரலாமுங்க?"

"ரெண்டு பேரு."

"இப்ப இருக்கறதுலயும் ரெண்டு பேருதானுங்களே. ஒண்ணரைக் கோடி போட்டு ஒரு ஆளாவது சேராதுங்களா?"

"வெளையாடாத. அது வேற ரகம்."

"என்னமோ போங்க. நானு என்ற பழைய கார்லயே வந்துக்கறேன். கீரைக்கட்டு வெக்கறதுக்காச்சும் எடம் இருக்குதான்னு கேட்டீங்களா?"

இடம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

எதற்கு இந்த வண்டி? எனக்குள்ளேயாவது உள்ளதைச் சொல்ல வேண்டும். நான் கல்யாண மண்டபங்களின் பின்பக்கம் போய்த் தேங்காய்ச் சிரட்டை பொறுக்கி மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்து கரிக்குப் போட்டவன். இன்று இரண்டு களம், ஒரு எண்ணெய் மில். ஆனால் கோயமுத்தூர் ஓட்டல் வாசலில் வண்டியை விட்டு இறங்கினால் நான் கொப்பரைக்காரன். வண்டிக்குள் இருக்கும்வரை 'சார்'. போன மாதம் ஒரு கல்யாணத்தில் திருப்பூர்க்காரர் ஒருவரின் மகன், "அங்கிள், இன்னும் அதே மஞ்சளா?" என்று கேட்டான். சும்மாதான் கேட்டான். எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்பத்திரண்டு வயதில் ஒரு பொடியன் கேள்விக்குச் சோறு இறங்காத ஆள் நான். அதுதான் காரணம். மற்றதெல்லாம் சாக்கு.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

கொப்பரை மூன்று ரூபாய் இறங்கியது. வண்டியைப் பற்றி இன்று நினைக்கவில்லை என்று எழுதலாம். பொய்.

ஆகஸ்ட் 9, புதன்

நல்ல சேதி. நம் ரோடு புதிதாகப் போடுகிறார்கள். டெண்டர் எடுத்தது மகுடீஸ்வரன். களத்தில் வந்து இளநீர் குடித்தான்.

"அண்ணா, வெள்ளிக்கிழமை உங்க களத்துப் பக்கம் மிஷின் வருது. ரெண்டு நாளைக்குக் கூடைய அந்தப் பக்கம் கொண்டுபோகாம பாத்துக்கோங்க."

"பாத்துக்கறேன். அந்த மேட்டை என்ன பண்ணுவ?"

"சுரண்டி எடுத்துட்டுத்தான் போடோணும். போட்ட பொறகு அதே எடத்துல மறுபடியும் ஒண்ணு வெச்சுக் குடுக்கறேன். பிளான்ல இல்ல. ஆனாப் பொம்பளைங்க நடக்கற எடம், அதனால சொல்றேன்."

"வேண்டாம்."

"ஏனுங்ணா?"

"சட்டப்படி இல்லாத மேடு. எவனாவது விழுந்தா உன்ற தலைக்குத்தான் வரும். சமமா இழுத்துடு."

என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு ஷெட்டில் நின்ற மஞ்சள் வண்டியைப் பார்த்தான். சிரித்துக்கொண்டு இளநீர்க் காயைக் கீழே வைத்தான்.

நான் சொன்னதில் தப்பில்லை. அந்த மேட்டுக்கு அனுமதி கிடையாது. ஸ்கூட்டரில் போகிறவர்களுக்கு இடுப்பு போய்விடுகிறது என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பலர் என்றால் இரண்டு பேர்.

ஆகஸ்ட் 12, சனி

ரோடு முடிந்தது. கண்ணாடி மாதிரி இருக்கிறது.

ஷ்யாம் சிவப்பு வண்டியை ஓட்டிப் பார்க்கக் கொண்டு வந்தான். களத்து வாசலிலிருந்து எடுத்தேன். மேடு இருந்த இடத்தில் என் வயிறு பழக்கத்தில் தானாகச் சுருங்கியது. ஒன்றுமில்லை. ஹாரன் இல்லை, சாக்கு இல்லை. வண்டி வழுக்கிக்கொண்டு போனது. ஊதியூர்ப் பக்கம் வரை போய்த் திரும்பினேன். இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று தெரியவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

திரும்பி வரும்போது மாரக்காள் கூடையோடு ரோட்டோரம் நின்றிருந்தாள். ரோட்டைத்தான் பார்த்தாள். வண்டியை அல்ல.

"மேட்டைக் காணோமுங் மொதலாளி?"

"கவர்மெண்டு ரோடு மாரக்கா. அவங்க பிளான் என்னவோ அப்படித்தான் போடுவாங்க."

"மறுக்காப் போட்டுத் தருவாங்களான்னு கேளுங். வண்டியெல்லாம் வெசையா வருது."

"கேக்கறேன்."

பத்து லட்சம் அட்வான்ஸ் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 17, வியாழன்

நாலு மணிக்கு மினி பஸ் மாரக்காளை அடித்துவிட்டது. கூடையோடு ரோட்டைத் தாண்டும்போது. உயிர் இருக்கிறது. ரோடு முழுக்கப் பருப்பு.

ஆகஸ்ட் 18, வெள்ளி

திருப்பூர் ஆஸ்பத்திரி. இடுப்புக்குக் கீழே தொடை எலும்பு இரண்டாகப் போய்விட்டது. பிளேட் வைத்திருக்கிறார்கள். நாலைந்து மாதத்தில் கம்பு ஊன்றி நடப்பாள். குத்துக்கால் போட்டு உட்கார முடியாது என்றார் டாக்டர். தேங்காய் தோண்டுகிற வேலையே குத்துக்கால் போட்டுத்தான்.

செலவு முழுக்க நான் கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் அவள் மகள் நாகமணி என் காலில் விழப் பார்த்தாள். விழவிடவில்லை. வியாபாரிகள் சங்கத் தலைவர் போனில், "உன்னை மாதிரி மொதலாளி கெடைக்கறதுக்குக் குடுத்து வெச்சிருக்கோணும் சென்னியப்பா" என்றார். போன் சூடாக இருந்தது. காதை மாற்றி வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 19, சனி

இன்ஸ்பெக்டர் களத்துக்கு வந்தார். இளநீர் வெட்டிக் கொடுத்தோம். கேட்டதற்குப் பதில் சொன்னேன். கொப்பரை ஒரு ரூபாய் ஏறியது.

ஆகஸ்ட் 21, திங்கள்

மினி பஸ் டிரைவர் ஆறுச்சாமி ஜாமீனில் வந்திருக்கிறான். காலையில் களத்து கேட்டுக்கு வெளியே நின்றான். உள்ளே வா என்றேன். வரவில்லை. நான்தான் போனேன்.

"ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிடறனுங்ணா."

"கேளு."

"நான் குடிக்கற ஆளுன்னு நீங்க சொன்னீங்களாமா?"

"ஆரு சொன்னது?" என்றேன். கேள்விக்குக் கேள்வி கேட்டால் யோசிக்க நேரம் கிடைக்கும்.

"ஏட்டையா சொன்னாருங். ரத்த டெஸ்ட்டுல ஒண்ணும் இல்லைன்னு வந்துடுச்சுங்ணா. ஆனா பஸ் ஓனரு நம்ப மாட்டேங்கறாரு. 'டெஸ்ட்டு கெடக்குது, சென்னியப்பன் அண்ணன் பொய் சொல்லுவாரா'ங்கறாரு. வேலைய விட்டு நிறுத்திப்போட்டாருங். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை லைசென்ஸுக்கு விசாரணை. லைசென்ஸ் போச்சுன்னா எனக்கு வேற என்ன தெரியும்? உங்க முன்னால என்னைக்காச்சும் நான் தள்ளாடி நின்னு பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. இன்ஸ்பெக்டரிடம் நான் சொன்னது, 'அப்பப்பப் போடுவான்னு பேசிக்கறாங்க' என்று. பேசிக்கொள்கிறார்கள் என்பது ஒன்று, குடிப்பான் என்பது வேறு. வியாபாரத்தில் இந்த மாதிரி வார்த்தைக்குள் புகுந்துதான் நாங்கள் வெளியே வருவோம். யார் பேசிக்கொண்டார்கள் என்று அவர் கேட்டிருந்தால் ஒரு பேர் சொல்ல என்னிடம் இல்லை. அவர் கேட்கவில்லை. அடுத்து, ரோட்டில் ஏதாவது மாற்றம் உண்டா என்று கேட்டார். அது ரோடு போட்டவங்களைத்தான் கேக்கோணும் என்றேன்.

"நீ வேகமா வந்தியா இல்லையா?" என்றேன் ஆறுச்சாமியிடம்.

"வந்தனுங். இல்லைன்னு சொல்லலை. பத்து நாளு லீவுல மாமியா ஊருக்குப் போயிருந்தேன். அன்னைக்குத்தான் வேலைக்கு வந்தது. புது ரோடு, எல்லாம் ஒரே கறுப்பாக் கெடக்குது. நாலு வருசமா அந்த மேடு வந்தா நான் ரெண்டாவது கியருக்கு வந்துருவனுங். அன்னைக்கும் மேட்டைத்தான் தேடிட்டு வந்தேன். மேடு வரட்டும், பிரேக் புடிக்கலாம்னு. மேடு வரவே இல்லீங்ணா. அந்தம்மாதான் வந்தாங்க."

ஐந்நூறு ரூபாயை நீட்டினேன். எதற்கு நீட்டினேன் என்று இப்போதும் தெரியவில்லை. கையை நீட்டியபடியே நின்றேன். அவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

ஆகஸ்ட் 23, புதன்

மகுடீஸ்வரன் போன். "அண்ணா, பிளான்ல மேடு இல்ல. நீங்க வேண்டாம்னு சொல்லல, நானும் கேக்கல. ரெண்டு பேருக்கும் அதுதான் நல்லது."

ஷ்யாம் போன். வெள்ளிக்கிழமைக்குள் மீதிப் பணம் வந்தால் சிவப்பு எனக்கு. இல்லாவிட்டால் மதுரையில் ஒருவர் காத்திருக்கிறாராம். எல்லா வியாபாரியும் மதுரையில் ஒருவனை வைத்திருப்பான், நானே வைத்திருக்கிறேன். இருந்தாலும் அந்த மதுரைக்காரன் மேல் கோபம் வந்தது.

கொட்டகையில் மாரக்காள் உட்காருகிற மணைப் பலகை காலியாகவே கிடக்கிறது. வேறு ஆளை உட்காரச் சொன்னேன். யாரும் உட்காரவில்லை. நாகமணி அவள் அம்மாவின் கூலியையும் சேர்த்துத் தோண்டப் பார்க்கிறாள். சாயங்காலம் விரல்களைத் தண்ணீரில் ஊற வைத்துக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

பணம் அனுப்பவில்லை. பேங்க் சர்வர் வேலை செய்யவில்லை, திங்கட்கிழமை பார்க்கலாம் என்று ஷ்யாமிடம் சொன்னேன். சர்வர் நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 26, சனி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆப்பிள், சாத்துக்குடி, ஹார்லிக்ஸ். சுலோச்சனாவின் காரில்தான் போனேன். மஞ்சள் வண்டியை அங்கே நிறுத்த மனசு வரவில்லை.

மாரக்காள் பெட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலில் பெரிய கட்டு. நாகமணியைக் கீழே டீ வாங்க அனுப்பிவிட்டாள்.

"உக்காருங் மொதலாளி. ஸ்டூலு நல்லாத்தான் இருக்குது."

உட்கார்ந்தேன். வலிக்கிறதா என்று கேட்டேன். வலிக்காதுங்களா என்றாள். டாக்டர் நல்லவரா என்று கேட்டேன். நல்லவருதானுங் என்றாள். இன்னும் என்ன கேட்பது என்று தெரியாமல் ஆப்பிள் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.

"புது வண்டி வந்துடுச்சுங்களா?"

"இல்ல."

"ஏனுங், ரோடுதான் இப்ப நல்லா இருக்குதே."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை.

"மிஷின் ஓட்டற பையன் எங்க கொட்டகையிலதான் தண்ணி குடிச்சானுங். 'மேடு வெக்கறதுக்குன்னு கல்லெல்லாம் எடுத்து வெச்சோம், உங்க மொதலாளிதான் வேண்டாம்னுட்டாரு'ன்னு சொன்னான். அன்னைக்கே களத்துல எல்லாத்துக்கும் தெரியுமுங்."

அப்படியானால் நான் சிவப்பு வண்டியில் திரும்பி வந்தபோது, 'மேட்டைக் காணோமுங்' என்று கேட்டாளே, தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறாள். நான் என்ன சொல்கிறேன் என்று பார்த்திருக்கிறாள். நான் கவர்மெண்டு என்றேன்.

"ஏன் மாரக்கா போலீசுகிட்டச் சொல்லலை?"

"சொன்னா ஆஸ்பத்திரிக்குக் கட்டறதை நிறுத்திப்போடுவீங்களே."

கத்தியிருந்தால் பரவாயில்லை. அரிசி விலை சொல்கிற மாதிரி சொன்னாள். 'அப்படிச் செய்வேனா' என்று கேட்க வாயைத் திறந்தேன். கேட்கவில்லை. அவள் மனசில் இருக்கிற சென்னியப்பன் அப்படிச் செய்வான். அந்த ஆளை இருபத்திரண்டு வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள். நான் கண்ணாடியில் மட்டும் பார்த்தவன்.

"என்னை உடுங்க. நான் கெடந்து எந்திரிப்பேன்" என்றாள். "அந்த ஆறுச்சாமியை ஏனுங் குடிகாரனாக்கினீங்க? தெனமும் அவன் பஸ்ஸுலதான் வர்றேன். பக்கத்துல நின்னா வெத்தலை வாசந்தான் வரும். அவனுக்கு ரெண்டு புள்ளைங்க. எனக்குக் காலு போச்சு, அவனுக்குப் பொழப்பு போச்சு. உங்களுக்கு என்னுங் போச்சு?"

நாகமணி டீயோடு வந்தாள். எனக்கும் ஒன்று வாங்கி வந்திருந்தாள். குடித்தேன். எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை. காலி டம்ளர் கையில் இருந்தது.

ஆகஸ்ட் 28, திங்கள்

ஸ்டேஷனுக்குப் போனேன். எழுதிக் கொடுத்தேன்: ரோடு போடும்போது வேகத்தடை வைக்க வேண்டாம் என்று காண்ட்ராக்டரிடம் சொன்னது நான். டிரைவர் குடிப்பான் என்று நான் சொன்னதற்கு ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை, யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படித்தார். "ஏனுங்க வம்பை வெலை கொடுத்து வாங்கறீங்க? நாங்க ஒண்ணும் கேக்கலையே."

"நீங்க கேட்டீங்க. நான்தான் சொல்லலை."

"எதுக்கு வேண்டாம்னீங்கன்னு காரணம் எழுதலையே."

அதற்குத்தான் அதிக நேரம் ஆயிற்று. பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் எழுதினேன்: என் கார் தாழ்வானது, வயிறு தட்டும். எழுதியதைப் பக்கத்து மேஜை ஏட்டு எட்டிப் பார்த்தார். அவர் சிரித்திருந்தால் தேவலை. இருமினார்.

வெளியே வந்ததும் ஷ்யாமுக்குப் போன் செய்தேன்.

"வேண்டாம் தம்பி. மதுரைக்காரருக்கே குடுத்துடு."

"சார், விலை விஷயமா? நாலஞ்சு லட்சம் நான் பேசித் தரேன் சார்."

"வண்டி அந்த வெலை பெறும். அதுல ஒண்ணும் கொறை சொல்ல முடியாது. வாங்கறவன்கிட்டத்தான் சரக்கில்ல."

அவனுக்குப் புரியவில்லை. அட்வான்ஸில் இரண்டு லட்சம் பிடித்துக்கொள்வார்களாம். பிடித்துக்கொள்ளட்டும்.

மகுடீஸ்வரன் போனில் கத்தினான். பதினைந்து வருஷப் பழக்கம். "இனி உன்ற களத்து வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றான். 'அண்ணா' போய் 'உன்ற' வந்துவிட்டது. அவன் மறுபடியும் மேடு வைத்துத் தருகிறேன் என்றுதான் முதலில் சொன்னான், அதையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லப் பார்த்தேன். வைத்துவிட்டான்.

சுலோச்சனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் ஒன்றும் கேட்கவில்லை. முடிந்ததும், "சாப்பிட வாங்க" என்றாள். சோறு போட்டாள். வழக்கமாகப் பக்கத்தில் உட்காருவாள். இன்று உட்காரவில்லை.

செப்டம்பர் 2, சனி

ஊராட்சியில் அனுமதி வாங்கி, என் செலவில், அளவுப்படி வேகத்தடை போட்டாயிற்று. வெள்ளைக்கோடும் பலகையும் உண்டு. வேலை முடிந்ததும் களத்து ஆட்கள் எல்லோரையும் ரோட்டோரம் கூப்பிட்டேன். மறுபடி மேடு வேண்டாம் என்றது நான்தான் என்று சொன்னேன். நாற்பது பேர். பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும், "தெரியுமுங்" என்றது. பிறகு கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு இன்னும் கொஞ்சம் பேச்சு மீதி இருந்தது. எழுதி வேறு வைத்திருந்தேன்.

ஆறுச்சாமியைப் பஸ் ஓனர் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். லைசென்ஸ் தப்பித்தது. வேகமாக வந்ததற்கு அபராதம் உண்டு. முன்பெல்லாம் என்னைப் பார்த்தால் ஹாரன் அடித்துவிட்டுப் போவான். இப்போது நேராகப் பார்த்துக்கொண்டு போகிறான்.

செப்டம்பர் 4, திங்கள்

மாரக்காள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பார்க்கப் போனேன். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் தெருவுக்குள் நான் கால் வைத்ததில்லை. ஏன் என்று எழுத வேண்டியதில்லை. இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரு முக்கில் காரை நிறுத்திவிட்டு நடந்தேன். குழாயடியில் பேச்சு நின்றது.

வாசலில் நின்று கவரை நீட்டினேன்.

"என்னுங் இது?" கட்டிலில் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"மூணு லட்சம் மாரக்கா. செலவுக்கு."

"இதை வாங்கிட்டாக் கணக்கு முடிஞ்சுதுங்களா?"

"அப்படி இல்ல…"

"அப்படித்தானுங். நீங்க மொத்தமா வாங்கி மொத்தமாக் குடுக்கற ஆளு. நானு கூலிக்காரி. மூணு லட்சம் இந்த ஊட்டுல மூணு மாசம் நிக்காது. மச்சான், பங்காளி எல்லாம் மோப்பம் புடிச்சுட்டு வந்துருவானுங்க. எனக்கு மாசாமாசந்தான் வேணும்."

"சரி. மாசாமாசம்."

"பதிமூணாயிரம்."

"பன்னெண்டு" என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் சொல்லவில்லை, என் வாய் சொன்னது. நாற்பது வருஷமாக ஒருவர் ஒரு விலை சொன்னால் ஒரு படி இறக்கிச் சொல்லிப் பழகிய வாய். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. நாகமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

மாரக்காள் என்னையே பார்த்தாள்.

"பதினாலு" என்றாள். "இன்னொருக்கா வாயத் தொறந்தீங்கன்னா பதினஞ்சு."

"பதினாலு."

"எனக்கு அறுவது ஆகற வரைக்கும். இப்ப நாப்பத்தெட்டு. வருசம் ஆயிரம் ஏத்தோணும்."

"சரி."

எனக்கு அதோடு நிறைவாகவில்லை. இன்னும் ஏதாவது அவள் பிடுங்கிக்கொண்டால் தேவலை போலிருந்தது. "அந்த மஞ்சள் வண்டியையும் வித்துடறேன் மாரக்கா" என்றேன்.

"அது உங்க பாடு. அதை வித்தா என்ற காலு மடங்குமா? வெச்சுக்கோங்க, வித்துப்போடுங்க, எனக்கென்ன?"

மாதம் பிறந்ததும் நாகமணியிடம் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லித் திரும்பினேன்.

"அவகிட்ட வேண்டாமுங்" என்றாள். "கணக்கப்புள்ளைகிட்டயும் வேண்டாம். நீங்களே வரோணும். வாசல்ல நின்னு நீட்டிட்டுப் போறது ஆகாது. உள்ள வந்து உக்காந்து குடுக்கோணும். நாகமணி காப்பி வெப்பா. குடிச்சுட்டுத்தான் போகோணும்."

தெருவில் பத்துப் பேராவது நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாகமணி உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை முந்தானையால் துடைத்துக் கட்டிலுக்கு எதிரே போட்டாள். வாசல் நிலை தாழ்வு. குனிந்துதான் போக வேண்டியிருந்தது.

பேசி முடித்தது: மாதம் பதினாலாயிரம், வருஷத்துக்கு ஆயிரம் ஏற்றம், அவளுக்கு அறுபது வயது ஆகும்வரை, மாதத்தின் முதல் திங்கட்கிழமை, நானே நேரில், வீட்டுக்குள் உட்கார்ந்து, ஒரு டம்ளர் காப்பி.